கல் போன்ற மெத்தை முதுகுக்கு நல்லதா?

முதுகு வலிக்கிறது என்று யாரிடமாவது சொல்லிப் பாருங்கள். பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: “உங்கள் மெத்தை மெதுவாக இருக்கும். கெட்டியாகப் பார்த்து வாங்குங்கள். இல்லாவிட்டால் கொஞ்ச நாளைக்குத் தரையில் பாயை விரித்துப் படுங்கள்.” மருத்துவர்களே பல காலம் இப்படித்தான் சொல்லி வந்தார்கள். இந்த நம்பிக்கையை முதலாக வைத்துத்தான் ‘ஆர்த்தோபீடிக்’ என்று பெயர் ஒட்டிய மெத்தைகள் ஆயிரக்கணக்கான ரிங்கிட்டுக்கு விற்பனையாகின்றன. சேமநிதிப் பணம் கையில் வந்த ஓய்வுபெற்றவர்கள் இவற்றின் முக்கிய வாடிக்கையாளர்கள். பணம் போவது ஒருபுறம் இருக்கட்டும். கெட்டியான படுக்கை உண்மையிலேயே முதுகுக்கு நல்லதா என்று யாராவது சோதித்துப் பார்த்தார்களா?

பார்த்தார்கள். ஸ்பெயின் நாட்டில் பிரான்சிஸ்கோ கொவாக்ஸ் என்ற மருத்துவரின் குழு செய்த ஆய்வு 2003ஆம் ஆண்டு ‘தி லேன்செட்’ மருத்துவ இதழில் வெளிவந்தது. நீண்ட நாள் கீழ் முதுகு வலியால் அவதிப்பட்ட 313 பேரை இரு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவினரின் வீட்டுக்குக் கெட்டியான மெத்தை போனது. மற்றப் பிரிவினருக்கு நடுத்தரக் கெட்டி மெத்தை. யாருக்கு எது என்பது குலுக்கல் முறையில் முடிவானது. படுப்பவருக்கும் தெரியாது, வலியை அளந்து குறித்தவருக்கும் தெரியாது. மெத்தையின் கெட்டித்தன்மையை 1 முதல் 10 வரை அளக்கும் ஐரோப்பிய அளவுகோல் ஒன்று உண்டு. அதில் 1 என்றால் மிகக் கெட்டி, 10 என்றால் மிக மென்மை. கெட்டி மெத்தையின் அளவு 2.3. நடுத்தரத்தின் அளவு 5.6.

90 நாளுக்குப் பிறகு பார்த்தபோது இரு பிரிவினருக்குமே வலி குறைந்திருந்தது. ஆனால் நடுத்தர மெத்தையில் படுத்தவர்களுக்குத்தான் அதிக நன்மை: படுக்கையில் வலி, எழும்போது வலி, அன்றாட வேலைகளில் சிரமம் எல்லாமே கூடுதலாகக் குறைந்திருந்தன. 2015இல் 24 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த இன்னொரு குழுவும் ஏறக்குறைய இதே முடிவுக்கு வந்தது. கல் போன்ற மெத்தைக்கு வக்காலத்து வாங்க இன்று அறிவியலில் அதிகம் பேர் இல்லை.

ஏன் இப்படி? இதற்கு மருத்துவம் படித்திருக்க வேண்டியதில்லை. பள்ளிக்கூட இயற்பியல் போதும்.

அழுத்தம் என்பது விசையைப் பரப்பளவால் வகுத்தால் கிடைப்பது. 60 கிலோ எடையுள்ள ஒருவர் படுத்திருக்கிறார். அவர் கீழ்நோக்கிக் கொடுக்கும் விசை சுமார் 600 நியூட்டன். சிமெண்டுத் தரையில் மல்லாந்து படுத்தால் அவர் உடல் முழுவதும் தரையைத் தொடுவதில்லை. பின்னந்தலை, தோள்பட்டை, இடுப்பின் பின்புறம், குதிகால் ஆகியவை மட்டும்தான் அழுந்தத் தொடும். அந்தப் பரப்பளவு 0.1 சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அழுத்தம் 6000 பாஸ்கல். மெத்தை உடலின் வளைவுக்கு ஏற்ப இடம் கொடுத்தால் தொடும் பரப்பு 0.4 சதுர மீட்டர் ஆகிறது என்று வைத்துக்கொண்டால், அழுத்தம் 1500 பாஸ்கலுக்கு இறங்கிவிடும். அதே உடல், அதே எடை, அழுத்தம் மட்டும் கால் பங்கு.

இந்த எண்களை இரத்த அழுத்தக் கருவியின் அலகுக்கு மாற்றிப் பாருங்கள். ஒரு மில்லிமீட்டர் பாதரசம் 133 பாஸ்கல். தரையில் 45, மெத்தையில் 11. தோலுக்கு உணவு கொண்டு போகும் இரத்த நுண்குழாய்கள் தொடங்கும் இடத்தில் உள்ளே இருக்கும் அழுத்தம் சுமார் 32 மில்லிமீட்டர் பாதரசம்தான். வெளி அழுத்தம் அதைவிடக் கூடினால் அந்த இடத்தில் இரத்த ஓட்டம் நெருக்கப்படும். உடனே உடல் “புரண்டு படு” என்று கட்டளையிடுகிறது. நாம் தூக்கத்திலேயே புரள்கிறோம். கெட்டியான படுக்கையில் அடிக்கடி புரளவேண்டி வருவதால் தூக்கம் துண்டு துண்டாகிறது. நீரிழிவு நோயால் காலில் உணர்ச்சி குறைந்தவர்களுக்கு இந்த எச்சரிக்கை மணி சரியாகக் கேட்காது. உங்கள் வீட்டில் அப்படிப்பட்ட தாத்தா, பாட்டி யாராவது “தரைதான் எனக்குச் சுகம்” என்று படுத்தால், குதிகால் சிவந்து புண்ணாகிறதா என்று தினமும் பாருங்கள்.

அப்படியென்றால் பஞ்சு மேகம் போல மென்மையான மெத்தைதான் நல்லது என்று முடிவு கட்டிவிடலாமா? அதுவும் இல்லை. நம் எடையில் ஏறக்குறைய பாதி நடுவுடலில்தான் இருக்கிறது. மிக மென்மையான மெத்தையில் இடுப்பு ஆழமாகப் புதைந்து, தலையும் காலும் மேலே நிற்கும். தொட்டிலில் குழந்தை கிடப்பது போன்ற வளைவு அது. குழந்தைக்குச் சரி. ஐம்பது வயதுக்காரரின் முதுகெலும்பு ஏழு மணி நேரம் அப்படி வளைந்து கிடந்தால், அதைத் தாங்கிப் பிடிக்கும் தசைநார்கள் இழுபட்டே இருக்கும்.

பக்கவாட்டில் படுப்பவர்களை எடுத்துக்கொண்டால் விஷயம் இன்னும் தெளிவாகும். தோளும் இடுப்பும் அகலம், நடுவில் இடை ஒடுக்கம். கெட்டியான படுக்கையில் தோளும் இடுப்பும் முட்டி நிற்க, இடைப்பகுதி தாங்க ஆளில்லாமல் தொங்கும். மிருதுவானதில் இடுப்பு அமிழ்ந்துவிடும். இரண்டிலும் முதுகெலும்பு நேராக இருக்காது. தோளும் இடுப்பும் அளவாக உள்ளே இறங்கி, இடை மெத்தையில் படிய வேண்டும். மெத்தையின் வேலை மொத்தமும் இதுதான். மற்றதெல்லாம் விளம்பரம் என்று சொன்னால் கடைக்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள், ஆனால் பெரும்பாலும் அதுதான் உண்மை.

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. ‘அளவாக’ என்பது எவ்வளவு? அது படுப்பவரின் எடையைப் பொறுத்தது. படிவம் நான்கு, ஐந்து மாணவர்களுக்கு நான் ஒரு சோதனை காட்டுவதுண்டு. ஒரு மெல்லிய சுருள்வில்லையும் ஒரு தடித்த சுருள்வில்லையும் ஒன்றன்கீழ் ஒன்றாகக் கோத்துத் தொங்கவிட்டு, 100 கிராம் எடைக்கல்லை மாட்டுவேன். மெல்லிய வில் நன்றாக நீளும், தடித்தது அசைந்தது போலவே தெரியாது. மெத்தையும் இப்படி அடுக்கிய இரண்டு வில்கள்தான், என்ன, இங்கே நீள்வதற்குப் பதில் அமுங்குகின்றன. மேலே மென்மையான சுகப்படுக்கை அடுக்கு, அடியில் கெட்டியான தாங்கு அடுக்கு. மேலடுக்கு ஓர் அளவுக்கு மேல் அமுங்க முடியாது. பாரம் தொடக்கத்திலிருந்தே இரண்டு அடுக்குகளின் மேலும் இருக்கும், ஆனால் மேலடுக்கு முழுதாக அமுங்கிய பிறகு, அதற்கு மேல் அமுங்குவது அடியடுக்கு மட்டும்தான்.

45 கிலோ எடையுள்ள மனைவிக்கும் 90 கிலோ எடையுள்ள கணவருக்கும் ஒரே மெத்தை என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் மேலடுக்கைத் தாண்டி அடியடுக்கின் மேல் படுத்திருக்கிறார். அந்த அம்மாவோ மேலடுக்கிலேயே நின்றுவிடுகிறார். இருவரும் படுத்திருப்பது ஒரே மெத்தையில் என்றாலும், இயற்பியல் கணக்கில் வேறு வேறு மெத்தைகள். “எனக்கு இதில் நல்ல தூக்கம் வருகிறது, நீயும் இதையே வாங்கு” என்று நண்பர் சொல்லும் சிபாரிசு இதனால்தான் பலிப்பதில்லை. எடை வித்தியாசம் அதிகமுள்ள தம்பதிகள், ஒற்றை மெத்தைகள் இரண்டை வேறு வேறு கெட்டியில் வாங்கிச் சேர்த்துப் போடலாம். நம் வீடுகளில் இதைச் சொன்னால் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். பார்த்துவிட்டுப் போகட்டும், முதுகு நம்முடையது.

கடையில் குழப்பும் இன்னொரு சொல் ‘அடர்த்தி’. அடர்த்தி அதிகம் என்றால் கெட்டி என்று விற்பனையாளரே சொல்வார். இரண்டும் வேறு. அடர்த்தி என்பது ஒரு கன மீட்டர் நுரைப்பஞ்சின் எடை. கெட்டித்தன்மை என்பது, சுமார் 20 சென்டிமீட்டர் விட்டமுள்ள வட்டத் தகட்டை வைத்து அழுத்தி, நுரைப்பஞ்சு அதன் கனத்தில் குறிப்பிட்ட பங்கு அமுங்க எவ்வளவு விசை தேவை என்று பார்ப்பது. அடர்த்தி அதிகமாக இருந்தும் மென்மையான நுரைப்பஞ்சு உண்டு. பொதுவாக அடர்த்தி நீடித்து உழைப்பதைச் சொல்லும், கெட்டித்தன்மை உங்கள் முதுகுக்குப் பொருந்துவதைச் சொல்லும். அடர்த்தி குறைந்த மலிவான மெத்தை வாங்கிய மாதம் நன்றாக இருந்து, இரண்டு வருடத்தில் நடுவில் பள்ளம் விழுவது இதனால்தான்.

பொருளைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். நம் பாட்டிமார் காலத்து மெத்தை இலவம்பஞ்சு, மலாய்க்காரர்கள் கெக்காபு என்பார்கள். அந்த நார் உள்ளே குழாய் போல வெறுமையாக இருக்கும், மேலே மெழுகுப் பூச்சு உண்டு. அதனால் நீரில் மிதக்கும். ஒரு காலத்தில் கப்பல்களின் உயிர்காப்பு மேலாடைகளில் இதைத்தான் அடைத்தார்கள். படுக்கப் படுக்க இந்தக் குழாய்கள் நசுங்கிக் கட்டி தட்டிவிடும். மெத்தையை வெயிலில் போட்டு அடித்து, பிரித்து, மீண்டும் அடைத்தது அதற்காகத்தான்.

மரப்பால் மெத்தை, கடைகளில் லேடெக்ஸ் என்று சொல்வது, நம்மவர்களுக்கு உறவுக்காரப் பொருள். தோட்டத்தில் விடியுமுன் மரம் வெட்டி வாளியில் சேர்த்த அதே பால்தான். மரத்திலிருந்து வரும்போது அதில் சுமார் மூன்றில் ஒரு பங்கு இரப்பர் இருக்கும், மற்றது பெரும்பாலும் தண்ணீர். எந்திரத்தில் வேகமாகச் சுழற்றி அதை 60 விழுக்காடு ஆக்குவார்கள். பிறகு கந்தகம் முதலியவற்றைச் சேர்த்து, முட்டை அடிப்பது போலக் காற்றோடு அடித்து நுரையாக்கி, அச்சில் ஊற்றிச் சூடாக்கிக் கெட்டிப்படுத்துவார்கள். இந்த முறையை 1929இல் பிரிட்டனின் டன்லப் நிறுவன ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். மெத்தையில் வரிசையாகத் துளைகள் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். “காற்றோட்டத்துக்கு” என்பார் விற்பனையாளர். காற்று போவது உண்மைதான். ஆனால் அந்தத் துளைகள் அச்சிலுள்ள ஊசிகளின் தடம். நுரை வெப்பத்தைச் சரியாகக் கடத்தாது. நடுப்பகுதியும் ஒரே சீராக வேகவேண்டும் என்பதற்காக அந்த ஊசிகள். வாங்கும்போது முழுக்க இயற்கைப் பாலா, செயற்கை இரப்பர் கலந்ததா என்று கேளுங்கள். விலை வித்தியாசம் அதில்தான் இருக்கிறது.

மெமரி ஃபோம் 1966இல் நாசாவுக்காக விமான இருக்கைகளுக்கென உருவாக்கப்பட்டது. கை வைத்தால் அச்சு விழுந்து மெல்ல மறையும். உடல் சூட்டில் இளகி உடலின் வடிவத்துக்கு வருவதால் அழுத்தத்தை நன்றாகப் பரப்பும். குளிர் நாட்டுக்காரருக்கு அருமையான பொருள். தூங்கும்போதும் நம் உடல் 70, 80 வாட் வெப்பத்தை விட்டுக்கொண்டே இருக்கிறது, பழைய 60 வாட் குமிழ்விளக்கைவிடச் சற்று அதிகம். உறக்கம் வருவதற்கு உடலின் உட்புற வெப்பம் கொஞ்சம் இறங்கவேண்டும். உடலைச் சுற்றி அணைத்துக்கொள்ளும் நுரை அந்த வெப்பத்தை வெளியே விடாது. குளிர்சாதனம் இல்லாத அறையில் படுப்பவர்கள் இதை வாங்குமுன் இரண்டு தடவை யோசியுங்கள். சுருள்வில் மெத்தைக்குள் காற்று தாராளமாக நடமாடும். அதிலும் ஒவ்வொரு வில்லும் தனித்தனித் துணிப் பையில் இருக்கும் வகையை வாங்கினால், பக்கத்தில் படுப்பவர் புரளும்போது உங்களுக்கு ஆட்டம் குறைவு.

நம் நாட்டின் ஈரப்பதம் தூசி உண்ணிகளுக்கு ராஜ விருந்து. அவை தண்ணீர் குடிப்பதில்லை, காற்றிலிருந்தே ஈரத்தை இழுத்துக்கொள்கின்றன. ஈரப்பதம் 50 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கினால் அவற்றால் பெருக முடியாது, நம் ஊரில் அது சராசரியாக 80 விழுக்காட்டை ஒட்டி நிற்கிறது. வீட்டில் ஆஸ்துமா, மூக்கடைப்பு உள்ளவர்கள் இருந்தால் இழை நெருக்கமான மெத்தை உறையைப் போட்டு, விரிப்பை வாரம் ஒருமுறை 60 பாகை செல்சியஸ் சுடுநீரில் துவையுங்கள். மெத்தையை மாற்றுவதைவிட இதற்குச் செலவு குறைவு.

இப்போது கொஞ்சம் நின்று கேட்க வேண்டிய கேள்வி: உங்கள் வலிக்குக் காரணம் மெத்தைதானா?

நம் முதுகெலும்பின் முள்ளெலும்புகளுக்கு இடையில் 23 மெத்து வட்டுகள் இருக்கின்றன. பகலில் உடல் பாரத்தால் அவற்றிலுள்ள நீர் பிழியப்படும். இரவில் படுத்ததும் திரும்ப ஊறும். வீட்டுக் கதவு நிலையில் பிள்ளைகளின் உயரத்தைக் காலை எழுந்ததும் ஒருமுறை, இரவு படுக்குமுன் ஒருமுறை குறித்துப் பாருங்கள், காலையில் ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு உயரமாக இருப்பார்கள். ஜெர்மனியில் வில்கே என்பவரின் குழு, தாமாக முன்வந்த ஒருவரின் கீழ் முதுகு வட்டுக்குள் அளவி பொருத்தி 1999இல் முடிவை வெளியிட்டது. படுத்தவுடன் 0.1 மெகா பாஸ்கலாக இருந்த அழுத்தம், ஏழு மணி நேரத் தூக்கத்துக்குப் பின் 0.24 ஆகியிருந்தது. வட்டு நீர் ஊறிப் புடைத்திருக்கிறது என்று பொருள். அந்த நேரத்தில் குனிந்தால் வட்டுக்கும் தசைநாருக்கும் ஏற்படும் சிரமம் மற்ற நேரத்தைவிட அதிகம். எந்த மெத்தையில் படுத்தாலும் இது நடக்கும்.

காலையில் எழுந்ததும் குனிந்து வாசல் கூட்டுவது, தண்ணீர் வாளியைத் தூக்குவது, காலணிக் கயிறு கட்டுவது எல்லாம் முதுகைப் பிடித்துக்கொள்வதற்கு இது ஒரு காரணம். முதல் ஓரிரு மணி நேரம் குனிவதைத் தவிர்த்தால் நாள்பட்ட முதுகு வலி குறைகிறது என்று 1998இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது. காசு செலவில்லாத வைத்தியம். மெத்தை வாங்குமுன் இரண்டு வாரம் இதைச் செய்து பாருங்கள். படுக்கையிலிருந்து எழும்போதும் நேராக எழாமல், ஒருபக்கம் திரும்பி, கையை ஊன்றி, காலைத் தொங்கவிட்டு எழுங்கள்.

மெத்தையைச் சந்தேகிக்க வேண்டிய அடையாளம் வேறு. எழும்போது வலி, அரை மணி நேரம் நடமாடினால் போய்விடுகிறது, உறவினர் வீட்டிலோ தங்கும் விடுதியிலோ தூங்கினால் வருவதே இல்லை என்றால் மெத்தையைப் பாருங்கள். மாறாக, காலையில் நன்றாக இருந்து மாலையாக ஆக வலி ஏறினால் உங்கள் நாற்காலியோ வேலையோதான் காரணமாக இருக்கும்.

மூன்றாவது வகை ஒன்று உண்டு, அதை மெத்தைக்கடையில் தீர்க்க முடியாது. என் மாணவி ஒருத்தியின் பாட்டி தோட்டத்தில் முப்பது வருடம் பால் சுமந்தவர். வீடு தேடி வந்த விற்பனையாளர் ஒருவரிடம் காந்தம் பதித்த மெத்தையைத் தவணையில் வாங்கினார்கள். காந்தம் முதுகு வலியைக் குறைக்கும் என்பதற்கு நம்பத்தக்க சான்று கிடையாது. எட்டு மாதம் தவணை கட்டிய பிறகுதான், பாட்டிக்கு ஒரு கால் மரத்துப்போவதை யாரிடமும் சொல்லாமல் இருந்தது வெளியே வந்தது. நரம்பு நெருக்கம். மருத்துவமனையில் பிசியோதெரபி தொடங்கிய பிறகு நடை தேறியது. அந்த எட்டு மாதம் வீணாய்ப் போனது.

காலில் மரத்துப்போதல் அல்லது பலவீனம், காய்ச்சல், காரணமில்லாமல் எடை குறைதல், படுத்தாலும் தணியாத இரவு வலி ஆகியவற்றில் எது இருந்தாலும் கிளினிக்குக்குப் போங்கள். சிறுநீர், மலம் கட்டுப்பாடு இழந்தாலோ தொடை இடுக்கில் உணர்ச்சி போனாலோ அன்றே அவசரப் பிரிவுக்குப் போகவேண்டும். நாற்பத்தைந்து வயதுக்குள் தொடங்கி, மூன்று மாதத்துக்கு மேலாகக் காலையில் அரை மணிக்கும் அதிகமாக முதுகு விறைத்து, ஓய்வெடுத்தால் கூடி, நடமாடினால் குறைகிறது என்றால் அது மூட்டு அழற்சி நோயாக இருக்கலாம். மருத்துவரிடம் இதே வரிசையில் சொல்லுங்கள்.

சரி, மெத்தைதான் என்று முடிவாகிவிட்டது. முதலில் பழையதைச் சோதியுங்கள். விரிப்பை எடுத்துவிட்டு, மெத்தையின் குறுக்கே ஒரு நூலை இறுக்கமாகப் பிடியுங்கள். நூலுக்கும் பள்ளத்துக்கும் உள்ள இடைவெளியை அடிக்கோலால் அளவெடுங்கள். இரண்டரை சென்டிமீட்டருக்கு மேல் பள்ளம் இருந்தால் அதன் காலம் முடிந்தது. உத்தரவாதக் காலம் மிச்சம் இருக்கிறதா என்று அட்டையையும் பாருங்கள். பள்ளம் இல்லை, கெட்டியாக மட்டும் இருக்கிறது என்றால், ஐந்து சென்டிமீட்டர் கனமுள்ள மேல்மெத்தை ஒன்று போதும். சில நேரம் பள்ளம் மெத்தையில் இருக்காது, கட்டிலின் சட்டம் உடைந்திருக்கும். தூக்கிப் பாருங்கள்.

கடைக்குப் போகும்போது தளர்வான உடுப்பு போட்டுக்கொண்டு, தூங்கும்போது வைக்கும் தலையணையைக் கையோடு கொண்டு போங்கள். கையால் அழுத்திப் பார்ப்பதில் எந்தப் பயனும் இல்லை, கைக்கு உங்கள் எடை தெரியாது. வழக்கமாகத் தூங்கும் நிலையில் பத்துப் பதினைந்து நிமிடம் படுங்கள். கூச்சமாக இருந்தால் சனி, ஞாயிறு தவிர்த்துப் போங்கள். மல்லாந்து படுப்பவர் இடுப்புக்குப் பின்னால் கையை நுழைத்துப் பாருங்கள். தாராளமாக நுழைந்தால் கெட்டி அதிகம், நுழையவே இல்லை என்றால் மென்மை அதிகம், சற்று உரசிக்கொண்டு போனால் சரி. பக்கவாட்டில் படுப்பவர், கூட வந்தவரைப் பின்னாலிருந்து கைப்பேசியில் படம் எடுக்கச் சொல்லுங்கள். கழுத்திலிருந்து இடுப்பு வரை முதுகெலும்பு ஏறக்குறைய ஒரே கோட்டில் இருக்க வேண்டும். கவிழ்ந்து படுப்பவருக்குக் கழுத்து திருகியே இருக்கும், மெத்தை அதைச் சரிசெய்யாது. முழங்கால்களுக்கு இடையில் ஒரு தலையணை வைத்துப் பக்கவாட்டுக்கு மாறிப் பழகுங்கள். மல்லாந்து படுப்பவர் அதையே முழங்காலுக்கு அடியில் வைக்கலாம்.

அட்டையில் ‘மீடியம் ஃபர்ம்’ என்று இருப்பதை நம்பி வாங்காதீர்கள். ஒரு நிறுவனத்தின் நடுத்தரம் இன்னொரு நிறுவனத்தின் கெட்டி. ‘ஆர்த்தோபீடிக்’ என்பதும் மருத்துவச் சான்று அல்ல, விற்பனைப் பெயர். அதற்குப் பதிலாக, வீட்டில் சில வாரம் படுத்துப் பார்த்துத் திருப்பிக் கொடுக்கலாமா என்று கேளுங்கள். ஸ்பெயின் ஆய்வே 90 நாள் எடுத்துக்கொண்டது, உங்கள் முதுகு ஒரே இரவில் தீர்ப்புச் சொல்லாது. திருப்பிக் கொடுக்கலாம் என்று சொன்னால் அதை ரசீதில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், பிளாஸ்டிக் உறையைப் பிரித்தால் செல்லாது என்று பின்பக்கத்தில் சிறிய எழுத்தில் போட்டிருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.